தரவு மையத்திற்குத் தமிழ்ச் சொற்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



காப்பியமும் கவிதையும் முழங்கிய மேடையில் கணினித் துறையின் கட்டடம் ஒன்றைப் பற்றிப் பேச வந்துள்ளேன். நம் பட்டாவும் வங்கிக் கணக்கும் இன்று தரவு மையங்களில் உறைகின்றன. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் இம்மையங்கள் பெருகியுள்ளன. 2021இல் தமிழக அரசு இவற்றிற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. சிறு வணிகரும் தம் கணக்கேட்டை இவற்றில் வைக்க ஒப்பந்தம் செய்கின்றனர். அதிலுள்ள சொற்களின் பொருள் விளங்காமலே கையொப்பம் இடுகின்றனர் என்பதுதான் என் கவலை.

அறிவியற் சொல்லாக்கம் நமக்குப் புதிதன்று. 1916இலேயே சேலத்தில் இராஜாஜியும் அவர்தம் நண்பரும் அதற்கெனச் சங்கம் கண்டனர். 'கணினி', 'இணையம்', 'மின்னஞ்சல்' ஆகியவை நம் கண்முன்னே வேரூன்றின. கேட்பவரைச் சரியான கேள்வி கேட்கத் தூண்டுவதே நல்ல கலைச்சொல் என்பது என் கருத்து. அவ்வளவுகோலால் ஐந்து சொற்களை அளந்து பார்ப்போம்.

முதலாவது, 'கிளவுடு'. இதனை 'மேகம்' என்கிறோம். கேட்டவர் தம் தரவு வானில் எங்கோ மிதப்பதாக எண்ணுவார். உண்மையில் அது சுவரும் கதவும் முகவரியும் உடைய கட்டடத்தில், இரும்புச் சட்டங்களில் அடுக்கிய வழங்கிகளில் இருக்கிறது. 'தரவு மையம்' என்று சொன்னால்தான் 'எந்த ஊரில்?' என்னும் கேள்வி பிறக்கும்.

இரண்டாவது, 'கோலொகேஷன்'. 'இணையமைவு' என்று பெயர்த்தால் ஒருவருக்கும் விளங்காது. வீட்டுக்காரர் இடமும் மின்சாரமும் தருகிறார். கட்டிலும் பாத்திரமும் குடியிருப்பவருடையவை. அதுபோல இடமும் மின்சாரமும் குளிரூட்டலும் மையத்தினுடையவை, வழங்கி வாடிக்கையாளருடையது. 'வழங்கி இடவாடகை' என்போம். மின்கட்டணம் யாருடையது, பழுது பார்ப்பவர் யார் என்று எவரும் உடனே கேட்பர்.

மூன்றாவது, 'ரிடண்டன்சி'. அகராதியை மட்டும் நம்பினால் 'மிகை', 'தேவையற்றது' என்று வரும். செலவைக் குறைக்க முனைபவர் கையில் அச்சொல் கிடைத்தால், முதலில் வெட்டப்படுவது அதுவே. நான்கு மின்னாக்கிகள் போதுமான இடத்தில் ஐந்தாவதை நிறுத்துவது வீண்செலவன்று. கிணறும் குழாயும் இருந்தும் லாரித் தண்ணீருக்குத் தொட்டி கட்டிய சென்னைவாசிக்கு இதை விளக்க வேண்டுமா? 'மாற்றிருப்பு' என்றால் அதன் பயன் புலப்படும். அது எங்கே இருக்கிறது என்னும் வினாவும் எழும். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் நாம். இரண்டும் ஒரே தரைத்தளத்தில் இருந்தால், வெள்ளம் இரண்டையுமே கொண்டுபோகும்.

இவ்வுண்மையை நம் ஏட்டுச் சுவடிகளே உணர்த்தியுள்ளன. பல இடங்களிலிருந்து திரட்டிய சுவடிகளை ஒப்பிட்டே 1887இல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். படிகள் பல இடங்களில் இருந்தமையால் அந்நூல் நமக்குக் கிடைத்தது. கரையானுக்கும் நீருக்கும் நெருப்புக்கும் இரையான நூல்கள் எத்தனையோ! 'பேக்கப்' என்பதற்குக் 'காப்புப்படி' என்னும் சொல் எவ்வளவு பொருத்தமானது!

நான்காவது, 'எஸ்.எல்.ஏ.' எனப்படும் ஒப்பந்தம். இதனைச் 'சேவை உறுதி' என்பது மிகைக் கூற்று. 99.9 விழுக்காடு இயங்குநேரம் என்றால், ஆண்டிற்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் சேவை நின்றாலும் ஒப்பந்தம் மீறப்படவில்லை. 99.99 என்றால் அது சுமார் 53 நிமிடமாகக் குறையும். ஓர் ஒன்பதில் எத்துணை வேறுபாடு! அவ்வரம்பைத் தாண்டினாலும், பெரும்பாலும் கிடைப்பது கட்டணத்தில் சிறு தள்ளுபடியே. வணிகத்தில் நேர்ந்த இழப்பிற்கு ஈடு கிடைப்பது அரிது. ஆதலின் 'சேவைத்தர உடன்பாடு' என்பதே நேர்மையான பெயர். 'எந்தத் தரம்? தவறினால் என்ன?' என்று வணிகர் கேட்கட்டும்.

ஐந்தாவது, 'பி.யு.இ.' என்னும் அளவு. வழங்கிகள் ஓர் அலகு மின்சாரம் கொள்ளும்போது கட்டடம் முழுவதும் எவ்வளவு கொள்கிறது என்பதை இது காட்டும். 1.5 என்றால், அரை அலகு குளிரூட்டல் முதலியவற்றிற்குச் செலவாகிறது. இதனை 'மின்திறன்' எனப் பெயர்த்தால் எண் கூடுவதே சிறப்பு எனத் தோன்றும். உண்மையிலோ குறைவதே சிறப்பு. 'மின்செலவு விகிதம்' என்றால் அம்மயக்கம் நேராது. கோடையில் கொதிக்கும் நம் நகரில் இக்கேள்வி எல்லோருக்கும் உரியது.

அன்பர்களே, இச்சொற்கள் முடிந்த முடிபு என்று நான் கூறவில்லை. மையங்களில் பணிபுரியும் மின்பணியாளரும் பொறியாளரும் தமிழாசிரியரும் ஒன்றுகூடிச் சொற்களை உரசிப் பார்க்க, இவ்வட்டம் ஆண்டிற்கொரு அமர்வை ஒதுக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். புலமை நூல்களைக் காத்த மொழி, வணிகரின் கணக்கேட்டையும் காக்கத் துணைநிற்கட்டும்.