மூலிகையும் நோயெதிர்ப்புச் சக்தியும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



2020 ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே, கொரோனா பரவிய வேளையில், கேகாலையில் ஒரு பாணியை வாங்குதற்கு ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்து நின்றதை அறிவீர்கள். தேனும் சாதிக்காயும் சேர்ந்த அப்பாணி நோயை அணுகவிடாது என்றனர். சுகாதார அமைச்சரே அதனைப் பகிரங்கமாகப் பருகினார். அடுத்த தை மாதத்தில் அவரையும் அந்நோய் பற்றியது. தெற்கைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமையில்லை. யாழ்ப்பாணத்து அடுப்புகளிலும் அக்காலத்தில் வேளைக்கொரு கசாயம் கொதித்தது.

"நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்" என்னும் சொற்றொடரையே இன்று ஆராய எடுத்துக்கொண்டோம். இச்சக்தி கிணற்று நீர் போன்றதன்று. ஊற ஊற நன்மை என்று சொல்லிவிட முடியாது. அது காவற்படை போன்றது. பகைவனை இனங்காண வேண்டும், வேண்டியபோது எழவேண்டும், வேலை முடிந்ததும் அடங்கவேண்டும். அடங்காவிடின் நம் உடலையே தாக்கும். சிலவகை மூட்டுவாதம் அவ்வாறு வருவதே. நம்மூருக்குப் பழகிப்போன டெங்குக் காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கிருமியில் நான்கு வகை உண்டு. ஒருவகைக்கு எதிராக உடல் ஆக்கிய பிறபொருளெதிரிகளே, பின்னர் வேறொரு வகை தொற்றும்போது நோயைக் கடுமையாக்குவதுண்டு.

இனி மூலிகைக்கு வருவோம். மஞ்சளிலுள்ள குர்க்குமினும், நிலவேம்பிலுள்ள அந்திரோகிரபோலைட்டும் ஆய்வுகூடத்திலே பெரிதும் செய்து காட்டியது அழற்சியைத் தணித்தலாம். கூட்டும் என்று போத்தலில் ஒட்டியிருப்பது, உண்மையிலே குறைப்பதாகவும் இருக்கக்கூடும்! அன்றியும், குர்க்குமினைத் தனியே உண்டால் குருதியிற் சேர்வது அற்பம். மிளகிலுள்ள பிப்பரீன் உடன்சேரின் அது பன்மடங்காகும் என்று 1998 இல் பெங்களூர் ஆய்வாளர் காட்டினர். மிளகும் மஞ்சளும் சேர்த்து இரசம் வைக்கும் அம்மாமார் பெருமைப்படலாம். ஆனால் அதே பிப்பரீன், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றொயின் மருந்தின் அளவையும் குருதியில் உயர்த்தவல்லது.

சீந்திற்கொடியின் கதை இன்னும் கூர்ந்து நோக்கற்பாலது. கொரோனாவுக்கு அஞ்சி அதனைக் குடித்தவருள் ஆறுபேர் கல்லீரல் அழற்சியோடு வந்ததை மும்பை வைத்தியர்கள் 2021 இல் வெளியிட்டனர். தன் கல்லீரலைத் தானே தாக்கும் நோயின் அடையாளங்கள் அங்கே தென்பட்டன. இந்திய ஆயுஷ் அமைச்சு இதனை மறுத்தது. வேறொரு கொடி சீந்தில் என்று மாறியிருக்கலாம் என்றது. எனினும் 2022 இல் 13 வைத்திய நிலையங்களிலிருந்து 43 பேரின் விபரம் வெளிவந்தது.

இதனால் சித்த வைத்தியத்தைக் குறைகூறுவார் அதனைச் சரியாக அறியார் என்பது எங்கள் துணிபு. நமது பரியாரிமார் கைபிடித்து நாடி பார்த்து, சரக்கை நிறுத்து, இத்தனை நாள், இன்ன பத்தியம் என்று வரையறுத்தே குடிநீர் கொடுத்தனர். செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசர் பெயரால் வைத்திய நூல்கள் எழுந்த நாடு இது. ஒரே குடிநீரை ஊரார் யாவர்க்கும் ஆண்டு முழுவதும் வார்ப்பது அவ்வழியன்று. போத்தலில் அடைத்து விற்போர் மூலிகையை எடுத்துக்கொண்டு வரையறையை விட்டுவிட்டனர்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயிலே மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்தார். மிசன் பாடசாலையிற் படித்த எங்களுக்கு அப்பெயர் நன்கு பழகியது. இன்று கைதடியிலே பல்கலைக்கழகத்தார் சித்த மருத்துவம் கற்பிக்கின்றனர். ஆயினும் ஒரே நோயாளி இரண்டு வைத்தியரிடமும் செல்கின்றார். ஒருவர் கொடுப்பதை மற்றவரிடம் மறைக்கின்றார். ஏசுவார்கள் என்ற பயம்!

ஆதலின் சங்கத்து இளைஞரிடம் ஒன்று கேட்கின்றோம். வீட்டிலே நீரிழிவுக்கோ வலிப்புக்கோ கிளினிக்குக்குச் செல்லும் பெரியவர் இருப்பின், அவர் குடிக்கும் குடிநீரின் பெயர், சரக்கு, அளவு, நாள் ஆகியவற்றைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொடுங்கள். பரியாரியாரிடம் போகும்போதும் அதே கொப்பியைக் கொண்டுபோகச் செய்யுங்கள். எங்கள் வீடுகளில் இவ்வாரமே தொடங்குகின்றோம்.