புழக்கடைக்கு வரும் பனிக்காலப் பறவைகள்

தில்லியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் நம்மவர்க்குப் பனிக்காலம் எளிதில் பழகிப்போவதன்று. மார்கழியிலும் தையிலும் இரவின் வெப்பநிலை நான்கைந்து டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. விடியற்காலையில் கதவைத் திறந்தால் மூடுபனியில் எதிர்வீடு தெரிவதில்லை. கம்பளிக்குள் முடங்கிக் கிடக்கவே உடல் விரும்பும். ஆயினும் வீட்டின் பின்புறம் சிறிதளவு மண்தரையோ, வெயில் படும் மொட்டைமாடியோ வாய்த்தவர்கள் காலை பத்து மணிக்கு ஒரு நாற்காலியைப் போட்டு அமர்ந்தார்களானால், கோடையில் காணக் கிடைக்காத சில பறவைகளைக் காணலாம். அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

பனிக்காலத்தில் வீட்டுத் தோட்டத்தில் உணவு வைத்துப் பறவைகளை வரவழைத்துப் பார்ப்பது பிரிட்டனிலும், கனடாவிலும், அமெரிக்காவிலும் வேரூன்றிய வழக்கம். பிரிட்டனில் 1979-ஆம் ஆண்டு முதல் ஜனவரி இறுதியில் மக்கள் தங்கள் தோட்டத்துப் பறவைகளை ஒரு மணி நேரம் எண்ணிக் குறித்து அனுப்புகிறார்கள். அந்நாடுகளில் இது வெறும் பொழுதுபோக்கு அன்று. கருந்தொப்பி அணிந்தாற் போன்ற சிக்கடி என்னும் சின்னஞ்சிறு குருவி, நீண்ட குளிரிரவு ஒன்றைக் கழிப்பதற்குள் தன் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. உறைபனி தரையை மூடிய நாளில் சூரியகாந்தி விதை நிறைந்த ஒரு கூண்டு அதற்குப் பேருதவியே.

நம்மிடமும் இவ்வழக்கத்திற்கு உறவான ஒன்று உண்டு. பொங்கலுக்கு மறுநாள் கனுப்பிடி வைக்கிறோம். மஞ்சள் இலையில் வண்ணச் சோற்றுருண்டைகளை வரிசையாக வைத்துக் காக்கையை அழைக்கும் அந்நாள் தில்லியின் கடுங்குளிரில் வந்து வாய்க்கிறது. ஆனால் இங்கே மாடியில் சோற்றை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வந்து இறங்குவது பெரும்பாலும் காக்கையன்று, புறாக் கூட்டம்.

எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் ஒரு மாமி இருக்கிறார். தினமும் காலையில் ஒரு படி கம்பைப் புறாக்களுக்கு இறைத்து வந்தார். மூன்று பனிக்காலம் தொடர்ந்து வறட்டு இருமல் அவரை விடவில்லை. புறா எச்சத்தின் தூசியை நெடுநாள் சுவாசிப்பதால் சிலருக்கு நுரையீரல் அழற்சி உண்டாகும் என்பது மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி. மாமியின் மருத்துவரும் அதையே சொல்லி, இறைப்பதை நிறுத்தச் சொன்னார். "வாயில்லா ஜீவனுக்குப் போடுவதை நிறுத்துவது பாவமில்லையா?" என்று மாமி என்னிடம் கேட்டார். அக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

நான் சொன்ன விடை இதுதான். புறாவுக்கு நகரத்தில் உணவுப் பஞ்சம் இல்லை. நாம் குவிக்கும் தானியத்தால் அது மேலும் பெருகுகிறது. சிறு பறவைகளுக்கு இடமின்றிப் போகிறது. மேலும், தொலைவிலிருந்து பனிக்காலத்தில் வரும் பறவைகளுள் நம் வீட்டை நாடக் கூடியவை பெரும்பாலும் பூச்சியுண்ணிகள். அவற்றுக்குக் கம்பும் வேண்டாம், அரிசியும் வேண்டாம்.

கறுத்த உடலும், செங்காவி வயிறும், ஓயாது நடுங்கும் வாலும் கொண்ட ஒரு குருவியைப் பார்த்திருப்பீர்கள். பெண் பறவை மங்கிய பழுப்பு. வால் மட்டும் அதே செந்நிறம். வால் நடுக்கத்தைக் கண்டு இந்தியில் இதனைத் 'திர்திரா' என்கிறார்கள். நாள் முழுதும் மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இச்சொல்லுக்கு ஈடான தமிழ்ச் சொல் இன்றுவரை அகப்படவில்லை. 'வெடவெட' என்பது அருகில் வருகிறது. லடாக், திபெத்து, மத்திய ஆசியா ஆகிய உயர்நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி ஐப்பசியில் இங்கு வருகிறது. வெள்ளை வாலாட்டியும் அப்படியே. ஈரப் புல்தரையிலும், தொட்டி நீர் வழிந்த இடத்திலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடியோடிப் பூச்சி பிடிக்கும்.

இவற்றை வரவழைக்க வேண்டுவது ஒரு மண்தட்டும் நீரும் மட்டுமே. நீர் இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மிகாமல் இருக்கட்டும். நடுவில் ஒரு கல் கிடக்கட்டும். பூனை பதுங்க முடியாத வெட்டவெளியில், ஆனால் பறந்து தப்ப ஒரு செடி அருகில் இருக்குமாறு வையுங்கள். உதிர்ந்த இலைகளை ஒரு மூலையிலாவது கூட்டாமல் விடுங்கள்; பூச்சிகள் அங்கேதான் இருக்கின்றன. கொய்யாத் துண்டு வைத்தால் கொண்டைக்குருவியும் கிளியும் வரும். தானியம் இட்டே தீரவேண்டும் என்போர் சிட்டுக்குருவிக்கென ஒரு பிடி நொய் இடலாம்; அரைமணியில் தீரும் அளவே போதும்.

தட்டைத் தினமும் தேய்த்துக் கழுவுவது மிக முக்கியம். பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டு முதல் ஒரு தொண்டை நோய் பரவி, கிரீன்பிஞ்சு என்னும் பச்சைக் குருவியினம் பெருமளவு அழிந்தது. உணவு வைக்கும் இடங்களில் பறவைகள் நெருங்கிக் கூடியதும் அந்நோய் பரவ ஒரு வழியாயிற்று. அன்போடு வைத்த தட்டே அங்கே நோய்த்தட்டு ஆயிற்று.

தலைநகரின் பழைய அரசுக் குடியிருப்புகளில் இரண்டு மாடி வீடுகளும், பின்னால் முற்றமும், வேம்பும் நாவலும் இருந்தன. சரோஜினி நகர், நேதாஜி நகர் முதலிய இடங்களில் அவை இடிக்கப்பட்டு உயர்ந்த அடுக்குமாடிகள் எழத் தொடங்கியபோது, 2018-இல் மரங்களைக் காக்க மக்கள் திரண்டது நினைவிருக்கலாம். பத்தாம் மாடிக்குத் திர்திரா வருமா என்று கேட்கும் நேயர்கள் ஒருவேளை கீழே உள்ள பூங்காவில்தான் அதைத் தேட வேண்டியிருக்கும்.

பிப்ரவரி நடுவில் நான்கு நாள் உலகெங்கும் வீட்டுப்புறப் பறவைகளை எண்ணுகிறார்கள். இந்தியாவும் 2013 முதல் கலந்துகொள்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து கண்டவற்றைக் குறித்தால் போதும். சென்ற முறை மாமி ஒன்பது வகைகளை எழுதினார். அவற்றில் இரண்டின் பெயரைக் கேட்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார். இருமல் இன்னும் முற்றும் தீரவில்லை. கனுவன்று மட்டும் காக்கைக்கு வைக்கிறார். புறா வராதபடி கையில் விசிறியுடன் அருகிலேயே அமர்ந்திருக்கிறார்.