விட்டுக்கொடுத்தவருக்கு நாம் செய்ய வேண்டியது

ஆக்லாந்தின் சாண்ட்ரிங்ஹாமிலும் மவுண்ட் ராஸ்கில்லிலும் கடை திறந்து நாலு பேருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கும் என் சொந்தங்களே!

சிட்னியில் கடை நடத்தும் நம் உறவுக்காரர் ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார் என்றால், தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்றைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். நமக்கு இங்கே நியூசிலாந்தில் அந்த அலைச்சல் இல்லை. ஏசிசி என்னும் அரசு விபத்து இழப்பீட்டு அமைப்பு இருக்கிறது. லெவி பில் வருகிறது, கட்டுகிறோம். அதனாலேயே நம்மில் பலர் அதை இன்னொரு வரி என்று எண்ணி ஒதுக்கிவிட்டோம். ஆனால் அதற்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்துக்காக நம்மிடம் வேலை பார்ப்பவர் எதை விட்டுக்கொடுத்தார் என்று சொல்லத்தான் நான் வந்தேன்.

இந்த நாட்டில் 1900-லேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதில் கிடைத்தது அளவான தொகை. முழு நஷ்டஈடு வேண்டுமென்றால் நீதிமன்றம் போய், தவறு முதலாளியுடையது என்று நிரூபிக்க வேண்டும். சாட்சி கிடைத்தவர் பிழைத்தார். கிடைக்காதவர் குடும்பம் தவித்தது. நீதிபதி ஓவன் வுட்ஹவுஸ் தலைமையிலான ஆணையம் 1967-இல் கொடுத்த அறிக்கை இதை அடியோடு மாற்றச் சொன்னது. யார் தவறு என்று பார்க்காமல், விபத்தின் சுமையைச் சமுதாயமே ஏற்க வேண்டும் என்றது. அந்தப் பரிந்துரை 1972-இல் சட்டமாகி, 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கடையில் விழுந்தாலும், வீட்டுக் குளியலறையில் வழுக்கினாலும், ரக்பி ஆடிக் காலை உடைத்துக்கொண்டாலும் பாதுகாப்பு உண்டு. இந்தியாவின் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில், காயம் வேலையால், வேலை நேரத்தில் வந்தது என்று காட்ட வேண்டியிருந்தது. அதை அறிந்த நமக்கு இதன் அருமை தெரியும்.

இதற்கு ஈடாக மக்கள் விட்டுக்கொடுத்தது என்ன? காயத்துக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை. அரிதான விதிவிலக்கைத் தவிர, உங்கள் சமையல்காரர் உங்கள் மேல் அப்படி வழக்குப் போட முடியாது. நீங்கள் நிம்மதியாகத் தூங்குவதற்கு அவர் கொடுத்த விலை அது.

அன்பர்களே, இப்போது கணக்குக்கு வருவோம். வேலையில் அடிபட்டவருக்கு முதல் வாரம் சம்பளத்தில் 80 சதவீதத்தை முதலாளி கொடுக்க வேண்டும். அதன்பின் ஏசிசி 80 சதவீதம் கொடுக்கும். எதில் 80 சதவீதம்? கணக்கில் காட்டிய சம்பளத்தில்!

வாரம் 40 மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு, 20 மணி நேரத்தை மட்டும் வரித்துறையான ஐஆர்டியின் கணக்கில் காட்டி, மீதியைக் கையில் காசாகக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. மேடையில் பேசுகிற விஷயமா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். பேசத்தான் வேண்டும். அப்படிப்பட்டவர் எண்ணெய் சிந்திய தரையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டால், அவர் கையில் வருவது உண்மைச் சம்பளத்தில் 40 சதவீதம்தான். வாடகை பாதியாகுமா? பிள்ளைகளின் பசி பாதியாகுமா? மீதியை நஷ்டஈடாகக் கேட்டு நீதிமன்றம் போகவும் வழியில்லை. ஒரு கதவைச் சட்டம் சாத்தியது. இன்னொன்றை நாமே சாத்திவிட்டோம்.

வேலைக்காரரையே கான்ட்ராக்டர் என்று காகிதத்தில் எழுதிவிடுவதும் இதே அநியாயம்தான். லெவி அவர் தலையில் விழுகிறது. பலருக்கு அந்த பில் வரும்வரை விஷயமே தெரியாது.

கடைக்காரர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வரியை மிச்சம் பிடிக்க உங்கள் வருமானத்தைக் குறைத்துக் காட்டினால், நீங்கள் படுக்கையில் கிடக்கும்போது வருவதும் அந்தக் குறைந்த தொகையின் அளவுக்குத்தான். புதிதாகத் தொழில் தொடங்கியவர்களும் வருமானம் ஏறி இறங்குகிறவர்களும் ஏசிசியின் 'கவர் பிளஸ் எக்ஸ்ட்ரா' திட்டத்தைப் பற்றி விசாரியுங்கள். எவ்வளவு பாதுகாப்பு என்பதை அதில் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளலாம். இன்னொன்று: ஏசிசி விபத்துக்கானது. மாரடைப்போ சர்க்கரை நோயோ வந்து படுத்தால் பொதுவாக அது கைகொடுக்காது. நம் சமூகத்தில் இந்த இரண்டும் எத்தனை வீடுகளில் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியும்.

வழக்கு வராது என்பதால் பொறுப்பு தீர்ந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். 2010 நவம்பரில் பைக் ரிவர் சுரங்கத்தில் 29 பேர் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 2015-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்படி விதிக்கப்படும் அபராதத்தைக் காப்பீட்டின் தலையில் கட்ட முடியாது. அப்படியொரு பாலிசி எடுப்பதே குற்றம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கடையில் கை வெட்டுப்பட்ட பையனிடம், "டாக்டரிடம் வீட்டில் நடந்தது என்று சொல்லப்பா" என்று கேட்காதீர்கள். வீட்டில் நடந்தது என்று பதிவானால் நீங்கள் கொடுக்க வேண்டிய முதல் வாரச் சம்பளம் அவனுக்குக் கிடைக்காது. ஏசிசிக்கு விண்ணப்பிக்க உங்கள் அனுமதி அவனுக்குத் தேவையில்லை. டாக்டரே பதிவு செய்வார். விசாவை நினைத்துப் பயந்து அவன் தயங்கினால், சுற்றுலா வந்தவருக்குக்கூட இந்த நாடு விபத்துச் சிகிச்சைக்கு உதவுகிறது என்று அவனுக்கு எடுத்துச் சொல்லி, நீங்களே காரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.