சீனத்தில் ஒரு ழகரம்

2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்து அர்ச்சுனன் தபசைப் பார்த்துச் சென்றார். அங்குள்ள சுற்றுலா வழிகாட்டி ஒருவர் சீனம் கற்க நினைத்தால், கைபேசிச் செயலி மட்டும் போதுமா? காதைப் பழக்கப் போதும். ‘மா’ என்ற ஓரசை, குரலின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்துத் தாய், சணல், குதிரை, திட்டுதல் என்று பொருள் மாறும் மொழி அது. நூறு முறை கேட்டாலும் செயலி சலிக்காது, வாத்தியார் சலித்துவிடுவார்.

சிக்கல் விளக்கத்தில்தான். பெரும்பாலான செயலிகள் ஆங்கில வழியாகவே சொல்லித் தருகின்றன. சீன ஒலியை ரோமன் எழுத்தில் குறிக்கும் பின்யின் முறையில் ‘இசட், எச்’ என்று கண்டதும் நாம் ‘ழ’ என்போம். அதுவோ நாக்கை மடித்துச் சொல்லும் ‘ச்ச’ போன்ற ஒலி. நம் ழகரத்துக்கு நெருங்கிய ஒலியை அங்கே ‘ஆர்’ என்று எழுதுகிறார்கள்! ஆங்கிலம் தெரிந்தவருக்குத் தமிழ் விளக்கம் எதற்கு என்று கேட்கலாம். பொருள் புரிய ஆங்கிலம் உதவும். நாக்கு பழகியது தமிழில் அல்லவா? அதனால் சீன ஒலியைத் தமிழில் எழுதிப் பழகலாம். தமிழெழுத்தில் குரல் ஏற்றத்தைக் காட்ட முடியாதே என்பது நியாயமான கேள்வி. செயலியைக் கேட்டபடி நோட்டில் தமிழில் எழுதி, மேலே குரலின் போக்குக்கேற்ப ஒரு கோடு போட்டால் ஆயிற்று.