வெண்பனி ஊரில் ஒரு நத்தார்

நத்தார் வந்துவிட்டால் நம் ஊர்க் கடைகளிலே தொங்கும் வாழ்த்து மடல்களை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். வேப்பமரமும் தென்னையும் நிற்கின்ற தெருவிலே, வெயில் சுடுகின்ற பகலிலே, ஊசியிலை மரங்களும் வெண்பனி மூடிய கூரைகளும் தீட்டிய மடல்களை நாம் வாங்கி ஒருவருக்கொருவர் அனுப்புகின்றோம். மட்டக்களப்பிலே நான் படித்த காலத்தில், கிறிஸ்தவ நண்பர் வீட்டுப் பாலன் குடிலின்மேல் பஞ்சைப் பிய்த்துத் தூவுவதற்கு உதவி செய்திருக்கின்றேன். அந்தப் பஞ்சு எதனைக் குறிக்கின்றது என்று எங்களில் எவருக்கும் கண்கண்ட அறிவு இல்லை. பஞ்சல்லாத பனியை நான் கண்டதும், அதன் நடுவே ஒரு குடும்பத்தாரோடு நத்தார் கொண்டாடியதும் 1978ஆம் ஆண்டு மார்கழியில், நோர்வே நாட்டு நாட்டுப்புறம் ஒன்றிலே.

நோர்வேக்கும் நமக்கும் தொடர்பு ஏற்பட்டது அதற்கு முன்னரே. யாழ்ப்பாணத்துக் குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இல் அங்கு சென்று மீன்பிடித் தொழில் கற்றார். அவர் வெட்டிய பாதையிலே பின்னர் நம்மவர் சிலர் மாணவராகச் சென்றனர். அந்நாட்டிலே மக்கள் உயர்கல்லூரி எனப்படும் விடுதிப் பள்ளிகள் உண்டு. பரீட்சை இல்லை, புள்ளி இல்லை. கூடி வாழ்ந்து கற்பதே அங்குள்ள கல்வி. நோர்வேயில் அவற்றுள் முதலாவது 1864இல் ஹாமார் நகரிலே தொடங்கப் பெற்றது. அத்தகைய பள்ளியொன்றிலேதான், தெற்கே கடலோரத்தில், நானும் சேர்ந்திருந்தேன். நத்தார் விடுமுறைக்கு விடுதியைப் பூட்டிவிடுவர். வீடு இல்லாதவன் யாராவது ஒருவருடைய வீட்டுக்குப் போகவேண்டும். என் அறைத் தோழன், "எங்கள் பண்ணைக்கு வா" என்றான். போனேன்.

போகும்போது என் மனம் நல்ல நிலையில் இருக்கவில்லை. அவ்வாண்டு நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை நேயர்களுள் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏறக்குறைய ஆயிரம் உயிர்கள் போயின. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. இவற்றை நாம் இன்று அறிவோம். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் நோர்வேப் பத்திரிகையின் உட்பக்கத்தில் வந்த நான்கு வரிகள்தாம். வாவியோரச் சிற்றூரிலே என் தாய் தந்தையரும், இரு தங்கையரும், அப்பம்மாவும் இருந்தார்கள். தந்தி அடித்தேன், மறுமொழி இல்லை. மூன்று வான்கடிதங்கள் எழுதினேன். அவற்றுக்கும் மறுமொழி இல்லை. என் பெயருக்குக் கடிதம் வந்தால் பண்ணை முகவரிக்குத் திருப்பி அனுப்பும்படி பள்ளி அலுவலகத்திற் சொல்லிவிட்டு, நண்பனோடு ஒஸ்லோவிலிருந்து வடக்கே செல்லும் புகைவண்டியில் ஏறினேன்.

அந்த வண்டி, அந்நாட்டின் மிகப் பெரிய ஏரியாகிய மியோசாவின் கரையோரமாகச் சென்று, லில்லஹாமர் நகரைக் கடந்து, குட்பிராண்ட்ஸ்டால் என்னும் பள்ளத்தாக்கினுள் நுழைகின்றது. நாங்கள் இறங்கியபோது பிற்பகல் நான்கு மணி; நன்றாக இருட்டிவிட்டது. மார்கழி நடுவிலே அவ்விடத்தில் பகற்பொழுது ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆனால் அந்த இருட்டு நம் ஊர் இருட்டன்று. நிலத்திற் கிடக்கும் பனி, விண்மீன் ஒளியையும் வாங்கித் திருப்பித் தருவதால், மரங்களும் வேலிகளும் தெளிவாகத் தெரிந்தன. மூச்சை இழுத்தால் மூக்கினுள்ளே உரோமம் உறைந்து குத்தியது. குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக்கும் அப்பால் என்றான் நண்பன். அக்கடுங்குளிரிலே பனி ஈரமாயிருப்பதில்லை, உலர்ந்த மாவைப் போலிருக்கும், மிதித்தால் கீச்சிடும். அந்த ஒலியைத் தவிர வேறு ஒலியே இல்லை. புதுப் பனியின் துகள்களுக்கிடையே காற்று நிறைந்திருப்பதால் அது ஓசையை விழுங்கிவிடுகின்றது என்று பின்னர் படித்தறிந்தேன். அந்த அமைதி எனக்கு முதலில் அச்சத்தையே தந்தது.

பண்ணை மலைச்சரிவில் இருந்தது. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீடு. எதிரே மாட்டுத் தொழுவம். பக்கத்திலே, எலி ஏறாதபடி தூண்களின்மேல் உயர்த்திய களஞ்சியம். நம் மட்டக்களப்பிலே போடியார் வீடு என்போமே, ஏறத்தாழ அத்தகைய குடும்பம். ஆனால் வேலையாள் எவரும் இல்லை, எல்லா வேலையும் வீட்டாருக்கே. வீட்டிலே நண்பனின் பெற்றோர், பத்து வயதுத் தங்கை, தந்தையின் தாயாராகிய மூதாட்டி. அம்மூதாட்டியை எப்படி அழைப்பதென்று கேட்டேன். 'ஃபார்மூர்' என்று அழை என்றார்கள். அம்மொழியிலே 'ஃபார்' என்றால் அப்பா. 'மூர்' என்றால் அம்மா. தாயின் தாயோ 'மூர்மூர்'. நம்முடைய அப்பம்மாவும் அம்மம்மாவும் எழுத்துக்கு எழுத்து அங்கே இருந்தார்கள். ஆங்கிலத்திலே இரண்டு பேரையும் ஒரே சொல்லாற் குறித்துவிட்டுத் திண்டாடுகின்றோம் அல்லவா? நண்பனின் தந்தையைப் பெயர் சொல்லி அழைக்க என் நா எழவில்லை; அங்கே அதுவே வழக்கம் என்றாலும், கடைசிவரை பெயர் சொல்லாமலே பேசிச் சமாளித்தேன். மூதாட்டியிடம் அந்த இடர்ப்பாடு இருக்கவில்லை. முதல் நாளே அவர் எனக்கு அப்பம்மா ஆகிவிட்டார்.

அங்கே நத்தார் என்றால் 24ஆம் திகதி மாலைதான். அதற்கு முன் நாட்களெல்லாம் வேலை. முன் இளவேனிலில் வெட்டிக் கோடை முழுதும் காயவைத்த பூர்ச்ச மர விறகை இரண்டு நாளைக்குப் போதுமான அளவு உள்ளே அடுக்கினோம். வாசலிலிருந்து தொழுவம்வரை பனியை அள்ளிப் பாதை வெட்டினோம், இரவு மீண்டும் பெய்து மூடியது, மறுபடியும் வெட்டினோம். வாழ்த்து மடலிற் காணும் பனியை யாரோ ஒருவர் மண்வாரி கொண்டு அள்ளவேண்டியிருக்கின்றது என்பது மடலை அனுப்புகின்றவர்களுக்குத் தெரிவதில்லை. சொந்தக் காட்டுக்குட் சென்று மரம் ஒன்றை வெட்டிச் சறுக்குவண்டியில் இழுத்து வந்தோம். அடுக்களையிலே ஏழுவகைப் பலகாரம் ஆயத்தமாயிருந்தது. ஏழுக்குக் குறைந்தால் வீட்டுக்காரிக்கு மதிப்பில்லையாம். அவற்றுட் சிலவற்றில் ஏலக்காய் மணந்தது. எங்கே வந்தும் இந்த மணம் நம்மை விடுவதில்லை என்று எண்ணிக்கொண்டேன்.

அறுவடைக் காலத்தில் எடுத்துவைத்த ஓட்ஸ் தானியக் கதிர்க்கட்டு ஒன்றை நீண்ட கம்பின் நுனியிற் கட்டி முற்றத்தில் நிறுத்தினார் தந்தையார். அது பறவைகளுக்கு. நிறையக் குருவிகள் வந்தால் அடுத்த ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்குமென்பது பழைய நம்பிக்கை. தொழுவத்து மாடுகளுக்கும் அன்று தீனி கூடுதல். தொழுவத்திலே 'நிஸ்ஸ' எனப்படும் குறுவடிவத் தெய்வம் ஒன்று குடியிருப்பதாகவும், நத்தாருக்கு அதற்கு வெண்ணெய் வைத்த கஞ்சி படைக்காவிட்டால் ஆண்டு முழுதும் தொல்லை கொடுக்கும் என்றும் சொல்வார்கள். லூதரன் திருச்சபையைச் சேர்ந்த அக்குடும்பத்தார் சிரித்துக்கொண்டே இதைச் சொன்னார்கள். ஆயினும் சிறுமி கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுபோய் வைக்க மறக்கவில்லை. வட்டையிலே பொங்கிப் படைத்த பின்பே அரிவாள் எடுக்கும் ஊரிலிருந்து சென்ற எனக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை.

நண்பகலிலே எல்லாரும் உண்பது அரிசிக் கஞ்சி. நெல் விளையாத நாட்டிலே, பாலில் நெடுநேரம் வேகவைத்த அரிசி திருநாள் உணவாகிவிட்டது. சீனியும் கறுவாத்தூளும் தூவி, நடுவிலே ஒரு துண்டு வெண்ணெய் வைப்பார்கள். கறுவா எங்கள் தீவின் பொருள் என்று நான் பெருமையோடு சொன்னேன். (அந்நாட்டுக் கடைகளில் அப்பெயரோடு கிடைப்பது பெரும்பாலும் வேறு இனத்து மரப்பட்டை என்பதைப் பின்னரே அறிந்தேன், பெருமை பேசிய பின் அறிந்ததால் எவருக்கும் நட்டமில்லை.) பானைக்குள் ஒரேயொரு வாதுமைப் பருப்பை ஒளித்துவைப்பார்கள். அது யாருக்கு அகப்படுகின்றதோ அவருக்கு வாதுமை மாவினாற் செய்த பன்றிப் பொம்மை பரிசு. அதைப் பெற்ற சிறுமி, கன்னத்தில் அடக்கிக்கொண்டு பானை காலியாகும்வரை மூச்சுவிடவில்லை. இல்லாத பருப்புக்காக நான் இரண்டு கிண்ணம் பாற்சோறு உண்டேன்.

கஞ்சி உண்ட பின் கோயிலுக்குப் போனோம். வழிபாடு முடிந்ததும் மக்கள் உடனே வீடு திரும்பவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றார்கள். ஒவ்வொரு கல்லின் முன்னும் பனியைக் கையாற் குடைந்து சிறு குழி செய்து, அதற்குள்ளே மெழுகுதிரி ஏற்றிவைத்தார்கள். சற்று நேரத்தில் அச்சரிவு முழுதும் பனிக்குள்ளிருந்தே ஒளி எழுந்தது. நம் கார்த்திகை விளக்கீட்டை நினைத்துக்கொண்டேன். மூதாட்டி தம் கணவரின் கல்லிலே விளக்கேற்றிவிட்டு, பையிலிருந்து இன்னொரு மெழுகுதிரியை எடுத்து, "உன்னுடையவர்களுக்கு" என்று என் கையில் வைத்தார். என் முன்னோரை நினைத்துத்தான் கொடுத்தார். நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உயிரோடிருக்கிறவர்களுக்குக் கல்லறையில் விளக்கேற்றலாமா? யார் உயிரோடிருக்கிறார்கள் என்றே தெரியாதவன் யாருக்கென்று ஏற்றுவது? அவர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. திரியை என் மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு நாடெங்கும் ஆலய மணிகள் ஒலிக்கும். அதுவே திருநாளின் தொடக்கம். மேசையில் அந்நாட்டுக் கிழக்குப் பகுதி முறைப்படி பன்றி விலா இறைச்சி. மேற்குக் கரையாருக்கு அது ஆகாது. அவர்களுக்கு உப்பிட்டு உலர்த்திய ஆட்டு விலாவே வேண்டும். இதுபற்றி அவர்கள் ஆண்டுதோறும் ஓயாது வாதிடுவார்கள். எனக்கென்று தாயார் ஆற்று மீனை அவித்து வைத்திருந்தார். பின்னர் மரத்தைச் சுற்றிக் கைகோத்து நின்று, பாடிக்கொண்டே வலம் வந்தார்கள். நானும் சொல் தெரியாமல் வாயசைத்துச் சுற்றினேன். எனக்கு எட்டுமுனை விண்மீன் பின்னிய கையுறை பரிசாகக் கிடைத்தது. மூதாட்டி பின்னியது, நான் வருவது முடிவான பின், பத்து நாளிற் பின்னியதாம்.

அன்றிரவு எல்லாரும் உறங்கச் சென்ற பின் அவர் எனக்கு ஒரு பழங்கதை சொன்னார். முற்காலத்திலே நத்தார் இரவில் வீட்டுத் தலைவனும் வேலையாளும் என்ற வேறுபாடின்றி எல்லாரும் தரையில் வைக்கோல் பரப்பி ஒன்றாகப் படுப்பார்களாம். கட்டில்களை வெறுமையாக விட்டுவிடுவார்கள். மேசையிலும் உணவை அப்படியே விட்டுவைப்பார்கள். அன்றிரவு வீட்டின் இறந்தோர் வருவார்கள். இடமும் உணவும் அவர்களுக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டோடு பெரும்பாலும் மறைந்துபோன வழக்கம் இது. ஆயினும் அவர் அன்று மேசையைத் துடைத்தபோது ஒரு தட்டை எடுக்காமல் விட்டதை நான் பார்த்தேன். நம் வீடுகளிலே திதி நாளில் இடும் படையலை அவருக்கு விளக்க என்னிடம் போதிய நோர்வேச் சொற்கள் இருக்கவில்லை.

இருபத்தைந்தும் இருபத்தாறும் விடுமுறை, தபால் இல்லை. பகல் முழுதும் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலிற் பூட்டி, நின்றதைவிட விழுந்ததே அதிகமாக, நண்பனோடு சுற்றினேன். விழுந்தால் நோவதில்லை என்பது பனியின் ஒரு நற்குணம். மற்றொரு நற்குணத்தைத் தந்தையார் காட்டினார்: ஓரிடத்திலே முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் புல்வேரைத் தொடச் சொன்னார். மேலே அத்தனை குளிர். கீழே மண் அவ்வளவு குளிரவில்லை. பனி இல்லாத குளிர்காலமே பயிருக்குப் பகை என்றார். இக்காலத்திலே அந்நாட்டின் தாழ்நிலங்களிலும் கடலோரங்களிலும் பனி கிடக்கும் நாட்கள் குறைந்துவிட்டன. ஒஸ்லோவிலே ஈரத் தெருவில் நத்தார் வருவது பலமுறை நிகழ்ந்துவிட்டது. அவ்வுட்பள்ளத்தாக்குகளிலே இன்னும் பெரும்பாலும் வெண்பனியோடுதான் நத்தார் வருகின்றது.

28ஆம் திகதி கடிதம் வந்தது. அம்மாவின் கையெழுத்து. சாய்வுநாற்காலியில் இருந்த மூதாட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டே படித்தேன். கூரை போய்விட்டது, தென்னைகளில் இரண்டுதான் நிற்கின்றன, அப்பாவும் தங்கையரும் சுகம். அப்பம்மா அன்றிரவு அடுக்களையை விட்டு வர மறுத்துவிட்டாராம், சுவர் சரிந்தது, மறுநாள் மாலை வாவிக்கரையில் அடக்கம் செய்தார்களாம். நான் அறிந்த நோர்வேச் சொற்களில் இதைச் சொல்ல மிக எளிதாயிருந்தது. "ஃபார்மூர் இறந்துவிட்டார்" என்றேன்.

அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நெடுநேரங் கழித்து, "மாடுகள்?" என்று கேட்டார். பண்ணைக்காரி அல்லவா! கடிதத்தின் கடைசியிலே அதுவும் இருந்தது. சிவலைப் பசு மூன்றாம் நாள் தானாக வந்து, இல்லாத படலைக்கு முன்னே நின்றதாம். அதைக் கேட்டுத் தலையசைத்தார்.

மறுநாள் காலை இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தம் கணவரின் கல்லுக்குப் பக்கத்தில் அவரே கையுறையைக் கழற்றிப் பனியைக் குடைந்தார். என் பைக்குள் கிடந்த திரியை எடுத்து ஏற்றி உள்ளே வைத்தேன். காற்று இல்லாத நாள். நாங்கள் வாயிற்கதவை அடைந்து திரும்பிப் பார்த்தபோதும் அது எரிந்துகொண்டிருந்தது.