சாரலே வீடு

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையிலிருந்து)



'வாழிடம் என்றால் என்ன?' என்று கேட்டால் 'காடு, குளம், பாலைவனம்' என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். நானும் அதற்குச் சரி போட்டவன்தான். கிஹான்சி தேரையைப் பற்றிப் படித்த பிறகு கை தயங்குகிறது.

தான்சானியாவின் உட்சுங்வா மலையில் கிஹான்சி ஆறு அருவியாக விழுகிறது. அந்த நீர் தெறித்துச் சாரலாகப் படியும் ஈரநிலம் ஏறத்தாழ ஐந்து ஏக்கர். உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மஞ்சள் நிறத் தேரை அங்கே ஆயிரக்கணக்கில் வாழ்ந்தது. வளர்ந்தது கூட 3 செ.மீ. இராது. முட்டை, தலைப்பிரட்டை என்று நாம் படம் வரைகிறோமே, அது இதற்குப் பொருந்தாது. குட்டித் தேரையாகவே ஈனும்.

இதை 1996இல் கண்டறிந்தார்கள். அதற்குள் அருவிக்கு மேலே அணைத் திட்டம் தொடங்கியிருந்தது. 2000இல் ஆற்றை மின்நிலையத்துக்குத் திருப்பியதும் அருவியில் பத்தில் ஒரு பங்கு நீர்தான் மிஞ்சியது. சாரல் போயிற்று.

எட்டாம் வகுப்பில் இந்த இடத்தில் ஒரு மாணவி எழுந்தாள். "ஒரு மரத்தைக்கூட வெட்டலையே சார், அப்புறம் எப்படி வீடு போச்சு?" அன்றைய பாடவேளை முழுவதும் அந்தக் கேள்வியிலேயே போனது. அதைவிட நல்ல பாடவேளை எனக்கு அந்த ஆண்டு அமையவில்லை.

பிறகு குழாய் போட்டுச் செயற்கைச் சாரல் தெளித்தார்கள். தேரைகள் பெருகின. ஆனால் 2003இல் திடீரெனச் சரிந்தன; கைட்ரிட் என்னும் பூஞ்சை நோயும் அங்கே பரவியிருந்தது. 2009இல் இயற்கைச் சூழலில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். நல்லவேளையாக, 2000இலேயே 499 தேரைகளை அமெரிக்க உயிரியல் பூங்காவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கும் பெரும்பாலானவை இறந்தன. பிழைத்தவற்றின் வாரிசுகளை 2012இல் தாய்மண்ணிலேயே விட்டார்கள், குழாய்ச் சாரலின் கீழே.

அணை கட்டியவர்களை வில்லனாக்கிக் கதையை முடிப்பது எளிது. அது நேர்மையாகாது. 180 மெகாவாட் மின்சாரம், விளக்கில்லாத வீடுகள் நிறைந்த நாட்டுக்குச் சிறிய விஷயமல்ல. வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள். என் வகுப்பில் மின்சாரத்தின் பக்கம் விடாமல் பேசிய பையன் மணி அடித்த பிறகு மேசையருகே வந்தான். "தேரைக்கு எவ்வளவு தண்ணி விட்டா போதும் சார்? அத விட்டுட்டு மிச்சத்துல எவ்வளவு கரண்ட் வரும்?" என்றான். அதையே கணக்காக்கி மறுநாள் கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.