மலை ஏறும் தோளுக்கு ஏற்ற காமிரா
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



ஆண்டுதோறும் இம் மேடையில் இலக்கியம் பேச வல்லார் பேசினர். இசை பாட வல்லார் பாடினர். எங்களுக்கு அவ்விரண்டிலும் புலமை இல்லை. விடுமுறை கிடைத்தால் மலைக்குப் போவோம். போன இடத்தில் படம் எடுப்போம். அவ்வளவே எங்கள் தகுதி. செயலாளர் அவர்கள், "சின்னக்கானல் படங்களைக் காட்டுங்கள்; காட்டுவதற்கு முன் நான்கு வார்த்தை பேசுங்கள்" என்று பணித்தார்கள். படங்கள் சற்று நேரத்தில் திரையில் வரும். அதற்கு முன்பு, பெரிய காமிராவை விட்டுச் சிறிய காமிராவுக்கு நாங்கள் மாறிய கதையைச் சொல்ல விரும்புகிறோம். காமிராவில் ஈடுபாடு இல்லாதோரும் பொறுத்தருள்க. இது உண்மையில் சுமையைப் பற்றிய கதை.

சின்னக்கானல் இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு அருகில் அமைந்த மலையூர். நாம் மதுரை வழியே போடிநாயக்கனூருக்கு இரயிலில் போகலாம். அகலப் பாதையான பின்னர் 2023 சூன் மாதத்தில் போடிக்கு மீண்டும் இரயில் வந்துவிட்டது. போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதைத் தாண்டிப் பூப்பாறை, அங்கிருந்து சிறிது தொலைவில் ஆனையிறங்கல் நீர்த்தேக்கம், அப்பால் சின்னக்கானல். அருகில் சூரியநெல்லி. சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் விடியுமுன் புறப்பட்டால், சுமார் 7,900 அடி உயரத்திலுள்ள கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்தை அடையலாம். வழி கேரளத்தில்; தோட்டமோ நமது தேனி மாவட்டத்தில். அந்த மலைச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுப்போருள் நம் தமிழ்மக்களே மிகுதி. எங்கள் பெரியம்மாவும் அவர்களுள் ஒருவர். சூரியநெல்லிப் பக்கத்து லயத்து வீடொன்றில் அவர் வாழ்நாள் முழுவதும் கழிந்தது.

2018ஆம் ஆண்டு நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் மலர் அது. 2006இல் பூத்தது, பின்னர் 2018இல் பூத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளம் கேரளத்தை உலுக்கிய பின்னர், அக்டோபரில் நாங்கள் புறப்பட்டோம். பெரியம்மாவையும் பார்க்கலாம், குறிஞ்சியையும் பார்க்கலாம் என்பது எண்ணம்.

அப்பொழுது எங்களிடம் இருந்தது பெரிய வகைக் காமிரா. உடல் மட்டும் 840 கிராம். அன்றாடம் பயன்படும் லென்ஸ் 710 கிராம். தொலைவிலுள்ள விலங்குகளுக்கென வாங்கிய நீண்ட லென்ஸ் 2,300 கிராம். ஆக மூன்றும் சேர்ந்து 3,850 கிராம். இதனோடு முக்காலி, மின்கலங்கள், இவற்றையெல்லாம் சுமக்கத் தடித்த பை. மொத்தம் எட்டுக் கிலோவைத் தொட்டது. தண்ணீர்ப் புட்டியும் மழைக்கோட்டும் இன்னும் கணக்கில் சேரவில்லை என்பதை நோக்குக!

விளைவு என்னாயிற்று? குறிஞ்சி பூத்த சரிவுக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையில் பாதி தொலைவு சென்றதும், எங்களுள் மூத்தவரின் முழங்கால் மறுத்துவிட்டது. அவர் ஒரு பாறையில் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இளையவர் கைபேசியை மட்டும் எடுத்துக்கொண்டு மேலே போய், மலை நீலமாய்க் கிடந்ததைக் கண்டு, பத்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கினார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் காட்சியை, அதற்கெனவே வாங்கிய கருவி பாறைமேல் உட்கார்ந்து பார்க்காமலே போயிற்று!

மறுநாள் பெரியம்மா வீட்டில் இன்னொரு பாடம் கற்றோம். வாசலில் அமர்ந்து அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காலை ஒளி முகத்தில் விழுந்தது. நாங்கள் காமிராவை எடுத்தோம். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன் தம்பி, இந்தப் பீரங்கியையா மலைக்குத் தூக்கிட்டு வந்தே?" என்று கேட்டார். கேட்டவர் கீரையை ஒதுக்கினார், முந்தானையைச் சரிசெய்தார், கைகளைத் தொடைமேல் வைத்துச் சிலைபோல் அமர்ந்தார். எடுத்த படத்தில் எங்கள் பெரியம்மா இல்லை. அடையாள அட்டைக்காகப் படம் எடுத்துக்கொள்ளும் யாரோ ஒரு மூதாட்டி இருந்தார்.

அன்று மாலை அவர் சொன்ன சொல் இன்றும் எங்கள் காதில் ஒலிக்கிறது. "நாங்க கொழுந்துச் சாக்கைத் தூக்கினது வயித்துக்கு. நீங்க எதுக்குத் தூக்கறீங்க?" என்றார். அவர் குத்திக் காட்டவில்லை, அறியாமல்தான் கேட்டார். விடை கூற எங்களால் இயலவில்லை.

மயிலிறகேயாயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தார். நாங்கள் ஏற்றியதோ மயிலிறகும் அன்று.

ஊர் திரும்பியதும் இத்துறையின் வரலாற்றைப் படிக்கலானோம். எங்கள் துன்பம் புதிதன்று என்று தெரிந்தது. ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையில் ஆஸ்கர் பர்னாக் என்னும் பொறியாளர் இருந்தார். மலைநடையில் விருப்பமுள்ளவர், ஆனால் ஈளை நோயால் வருந்தியவர். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டுக் காமிராவைச் சுமந்து ஏற அவரால் இயலவில்லை. சினிமாப் பிலிமைக் கொண்டு சட்டைப் பையில் அடங்கும் சிறிய காமிராவொன்றை 1914ஆம் ஆண்டையொட்டி அவர் அமைத்தார். அதுவே 1925இல் லைப்சிக் சந்தையில் லைக்கா என்னும் பெயருடன் வெளிவந்தது. நோயுற்ற ஒருவரின் தோளுக்கு ஏற்றதாகப் பிறந்த கருவி, உலகத்துப் படக்கலையையே மாற்றிவிட்டது. சிறுமை குறையன்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

இனி, இக்காலத்து மிரர்லெஸ் காமிரா என்பது யாது எனச் சுருங்கக் கூறுவோம். பழைய வகையில் லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்த கண்ணாடியொன்று இருக்கும். அது ஒளியை மேலே திருப்பி, ஐங்கோணப் பட்டகத்தின் வழியே நம் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தும்போது கண்ணாடி மேலெழுந்து வழிவிடும். இதற்கெல்லாம் இடம் வேண்டும், எடையும் கூடும். புதிய வகையில் அக்கண்ணாடி இல்லை. ஒளி நேரே உணர்தகட்டில் விழுகிறது. அங்கு விழும் காட்சியைச் சிறு மின்திரை நம் கண்ணுக்குக் காட்டுகிறது. படம் வெளுக்குமா, கறுக்குமா என்பதை எடுக்கும் முன்பே காணலாம். இவ்வகையில் லென்ஸ் மாற்றத்தக்க முதற் காமிராவைப் பானசோனிக் நிறுவனம் 2008இல் வெளியிட்டது.

ஆயினும் ஓர் உண்மையை அவையோர் மறக்கலாகாது. கண்ணாடியை நீக்கினால் மட்டும் சுமை பெரிதும் குறைந்துவிடாது. உணர்தகடு பெரிதாயிருப்பின் நீண்ட லென்ஸும் பெரிதாகவே இருக்கும். முழு அளவுத் தகடு 36க்கு 24 மில்லிமீட்டர். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் எனப்படும் சிறிய வகைத் தகடு ஏறத்தாழ 17க்கு 13 மில்லிமீட்டர். பரப்பில் நான்கில் ஒரு பங்கு. தகடு சிறுத்தமையால், 300 மில்லிமீட்டர் லென்ஸ் அதில் 600 மில்லிமீட்டர் லென்ஸின் பார்வையைத் தருகிறது. எடை குறைவதன் இரகசியம் பெரும்பாலும் இதுவே.

ஈராண்டு எண்ணிப் பார்த்து, ஒருமுறை வாடகைக்கு எடுத்துச் சோதித்து, இறுதியில் ஓ.எம்-5 என்னும் காமிராவை வாங்கினோம். மின்கலமும் அட்டையும் உட்பட அதன் எடை 414 கிராம். 12-45 லென்ஸ் 254 கிராம். 75-300 லென்ஸ் 423 கிராம். மொத்தம் 1,091 கிராம். முன்னிருந்த 3,850 எங்கே, இந்த 1,091 எங்கே? சமையலறைத் தராசில் இருமுறை நிறுத்துப் பார்த்துத்தான் நம்பினோம். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்ற பழமொழியின் பொருள் அன்று விளங்கிற்று.

காரம் சிறிதும் குறையவில்லை என்று கூறினால் அது பொய்யாகும். நாங்கள் கொடுத்த விலையையும் சொல்லிவிடுகிறோம். சிறிய தகடு சிறிதளவு ஒளியையே வாங்கும். அந்தி நேரத்தில் ஓடும் விலங்கைப் படம் எடுத்தால் புள்ளி புள்ளியாய்த் தெரியும். அசையாத மலைக்கும் மரத்துக்கும் காமிராவினுள் இருக்கும் நடுக்கந் தடுக்கும் அமைப்பு உதவுகிறது. முக்காலியை வீட்டிலேயே விட்டுவிடலாம். ஓடும் யானைக்கு அது உதவாது. மின்திரை மின்சாரத்தை உறிஞ்சும். பழைய காமிரா ஒரு மின்கலத்தில் ஆயிரம் படத்துக்கு மேல் எடுத்தது; புதியது முந்நூறைத் தாண்டினால் அடுத்த மின்கலத்தைத் தேட வேண்டும். ஆகவே இரண்டு மின்கலம் கூடுதலாகக் கொண்டு செல்கிறோம். காமிராவும் சிறிய லென்ஸும் தூறலைத் தாங்கும்; நீண்ட லென்ஸுக்கு அக் காப்பு இல்லை. மலை மூடுபனியில் அதனை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைக்கிறோம்.

2024 சனவரியில் மீண்டும் சின்னக்கானலுக்குச் சென்றோம். கொழுக்குமலையில் விடியலைக் கண்டோம். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் வெண்மேகம் பாலாய் நிறைந்திருக்க, அதன்மேல் கதிரவன் எழுந்தான். ஜீப்பை விட்டு இறங்கித் தோட்டத்துப் பாதையில் நெடுந்தொலைவு நடந்தோம். முழங்கால் முணுமுணுத்தது, மறுக்கவில்லை. எங்களுள் மூத்தவர் இம்முறை எப்பாறையிலும் உட்காரவில்லை.

ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தின் மறுகரையில் யானைக் கூட்டம் நீர் அருந்த வந்தது. சாலையில் நின்றவாறே நீண்ட லென்ஸால் படம் எடுத்தோம். இவ்விடத்தில் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சிறிய காமிரா கையிலிருப்பதால் காட்டுக்குள் ஓடி நெருங்கலாம் என்று எண்ணாதீர். அவ்வூர் மக்கள் யானையோடு அஞ்சி வாழ்பவர்கள். அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்தமையால் அரிக்கொம்பன் என்று பெயர் பெற்ற யானையை 2023 ஏப்ரல் இறுதியில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுசென்றனர். அது கம்பம் நகருக்குள் வந்துவிடவே, அவ்வாண்டு சூனில் தமிழ்நாட்டு வனத்துறையினர் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்டனர். யானையின் வழியில் மனிதனும், மனிதனின் வழியில் யானையும் குறுக்கிடும் இடம் அது. தொலைவில் நின்று எடுப்பதே அறிவு. அதற்காகவே நீண்ட லென்ஸ்.

அன்று மாலை பெரியம்மாவின் வாசலில் அமர்ந்தோம். அவர் கட்டன் சாயா கொடுத்தார். பழைய நாள்களைப் பேசத் தொடங்கினார்; மழையில் கொழுந்து எடுத்தது, அட்டை கடித்தது, நிறுக்கும் இடத்துக்குச் சாக்கைத் தலையில் சுமந்து சரிவில் ஏறியது. சாக்கின் பாரம் எவ்வாறு கழுத்தில் இறங்கும் என்பதைக் காட்ட, இரு கைகளையும் உயர்த்தித் தலைமேல் வைத்தார். உள்ளங்கை அளவுக் காமிரா எங்கள் மடியில் இருந்தது. ஓசையின்றி எடுத்தோம். அவர் பேச்சை நிறுத்தவில்லை. படத்தைக் காட்டியபோது நெடுநேரம் பார்த்தார். "இது நான்தான்" என்றார். அந்த மூன்று சொல்லுக்கு மேல் எங்களுக்குப் பரிசு வேண்டியதில்லை.

சென்ற ஆண்டு பெரியம்மா மறைந்தார். லயத்து வீட்டுச் சுவரில் மாலையிட்டு மாட்டியிருப்பது அந்தப் படந்தான். 2018இல் பீரங்கியால் எடுத்த படத்தை எவரும் கேட்கவில்லை.

"கைபேசி இருக்க, காமிரா எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குடும்பப் படத்துக்கும் ஊர்க் காட்சிக்கும் கைபேசியே போதும். எங்கள் குறிஞ்சிப் படங்கள் கைபேசி தந்தவையே. தொலைவிலுள்ள பறவையும் விலங்கும், சுவரில் மாட்டும் பெரிய படமும் வேண்டுவோர்க்கே காமிரா தேவை. பெரிய காமிராவை இகழ்வதும் எங்கள் நோக்கமன்று. திருமண மண்டபத்தில் படம் எடுப்போர்க்கும், விளையாட்டைப் படம் எடுப்போர்க்கும் அது இன்றியமையாதது. காரில் சென்று காரிலேயே திரும்புவோர்க்கு எடை ஒரு பொருட்டன்று.

மாற விரும்புவோர்க்கு எங்கள் அனுபவத்தில் விளைந்த சில யோசனைகள்: முதலில் பையிலுள்ள ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து எழுதுங்கள். முன்னைய பயணப் படங்களைப் புரட்டி, எந்த லென்ஸால் எத்தனை எடுத்தீர்கள் என்று எண்ணுங்கள். நாங்கள் சுமந்தவற்றுள் ஒன்று ஒரு பயணத்தில் பன்னிரண்டு படமே தந்தது. வாங்குமுன் வாடகைக்கு எடுத்து ஒரு நாள் நடந்து பாருங்கள். பழையதை விற்க அவசரப்படாதீர்கள். குறைந்த எடையின் இடத்தில் இன்னொரு லென்ஸை நிரப்பாதீர்கள், தண்ணீரை நிரப்புங்கள்.

அன்பர்களே! நீலக்குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அப்பொழுது எங்கள் முழங்காலுக்கு இன்னும் வயதாகியிருக்கும். பெரியம்மா வாசலில் இருக்கமாட்டார். ஆயினும் போவோம், அந்தச் சரிவின் உச்சிவரை இருவருமாக ஏறுவோம். நம் குடியிருப்பிலிருந்து வர விரும்பும் குடும்பத்தார் இப்பொழுதே பெயர் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: பீரங்கிகளை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டும்.

 இனி விளக்கை அணைக்கலாம், படங்கள் பேசட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.